லக்கி டிரா கூப்பனில் இ-மெயில் முகவரி எழுதிப் போட்டீங்களா? குப்பை மெயில் வரக் காரணம் யார்னு காட்டிக் கொடுக்கும் 'பிளஸ்' குறி!

கொடைக்கானல்:

கொடைக்கானல் நாயுடுபுரத்தைச் சேர்ந்த ஒரு சுற்றுலா டாக்சி டிரைவர். வயது 50-ஐ தாண்டி விட்டது. இவரது மகன் ஐ.டி.ஐ. முடித்து விட்டு வேலை தேடி வருகிறார். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஒரு இ-மெயில் முகவரிதான். கியாஸ் பதிவு, பஸ் டிக்கெட், செல்போன் ரீசார்ஜ், வேலைக்கு விண்ணப்பம் என்று எல்லாமே அந்த ஒரே முகவரியில்தான் நடக்கிறது.

கோவையில் உள்ள ஒரு கம்பெனியில் இருந்து நேர்முகத் தேர்வுக்கு வரச் சொல்லி மகனுக்கு மெயில் வந்து இருக்கிறது. அதை அவர் பார்த்தபோது தேதி முடிந்து 4 நாள் ஆகி விட்டது. அந்த மெயிலுக்கு மேலே 200-க்கும் அதிகமான குப்பை மெயில்கள் குவிந்து கிடந்ததே காரணம்.

"லோன் வேணுமா, லாட்டரி விழுந்திருக்கு, மாலத்தீவு டூர் போறீங்களான்னு நாள் தவறாம மெயில் வருது சார். எனக்கு பெருமாள்மலைக்கே சவாரி கிடைக்க மாட்டேங்குது, இதுல மாலத்தீவு எங்க போறது? புள்ளைக்கு வந்த வேலை போச்சு. என் அட்ரசை இவங்களுக்கு எல்லாம் யாரு சார் குடுத்தது?" என்று நொந்து கொண்டார் அந்த டிரைவர்.

அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். இதற்கு விடை கண்டுபிடிக்க முடியும். காசு செலவும் இல்லை. கம்ப்யூட்டர் படிப்பும் வேண்டாம்.

முகவரி வெளியே போவது எப்படி?

சீசன் நேரத்தில் ஏழுரோடு சந்திப்பு, ஏரிச்சாலை பக்கம் ஒரு நடை போய் வந்தாலே போதும். சாக்லேட் வாங்கினால் ஒரு கூப்பன், துணி வாங்கினால் ஒரு கூப்பன். பெயர், செல்போன் நம்பர், இ-மெயில் எழுதி பெட்டியில் போட்டால் "3 இரவு, 4 பகல் இலவச டூர்" என்பார்கள். பரிசு கிடைத்தவர்களைத்தான் காணோம். மறு வாரமே போன் வருவதும், மெயில் வருவதும் மட்டும் நிற்பதில்லை.

இது போக அறை பதிவு செய்யும் தளங்கள், வேலைவாய்ப்பு தளங்கள், இலவச வை-பை, ஆன்லைன் கடைகள் என்று நாம் முகவரி கொடுக்காத இடமே கிடையாது. சிலர் அதை மொத்தமாக விற்று விடுகிறார்கள். சிலரிடம் இருந்து திருடு போய் விடுகிறது. காட்டேஜ், ஹோம் ஸ்டே நடத்துபவர்கள் விளம்பரத்துக்காக இணையத்தில் போட்டு வைக்கும் முகவரிகளை ரோபோ புரோகிராம்கள் தானாகவே பொறுக்கி எடுத்துக் கொள்கின்றன.

ஏர் இந்தியா விமான நிறுவனத்தின் பயணிகள் 45 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்ததாக 2021-ம் ஆண்டு மே மாதம் அந்த நிறுவனமே அறிவித்தது. பெரிய கம்பெனிக்கே இந்த கதி என்றால், கடை மேஜையில் கிடக்கும் கூப்பன் பெட்டிக்கு என்ன பாதுகாப்பு?

குப்பை மெயில் பிறந்த கதை

உலகின் முதல் குப்பை மெயில் 1978-ம் ஆண்டு மே மாதம் 3-ந் தேதி அனுப்பப்பட்டது. அமெரிக்காவில் டிஜிட்டல் எக்யூப்மெண்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியின் விற்பனை அதிகாரி கேரி துர்க் என்பவர், தங்கள் கம்ப்யூட்டரை வாங்கச் சொல்லி சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை தட்டி விட்டார்.

இதற்கு 'ஸ்பேம்' என்று பெயர் வந்தது தனிக்கதை. ஸ்பேம் என்பது டப்பாவில் அடைத்து விற்கும் ஒரு இறைச்சியின் பெயர். இங்கிலாந்தில் 1970-ம் ஆண்டு ஒளிபரப்பான ஒரு டி.வி. காமெடியில், ஓட்டலில் எதைக் கேட்டாலும் 'ஸ்பேம், ஸ்பேம்' என்றே சொல்லிக் கொண்டு இருப்பார்கள். வேண்டாம் என்றாலும் விடாமல் வருவதால் இந்த மெயிலுக்கும் அதே பெயர் ஒட்டிக் கொண்டது.

"இன்னும் 2 ஆண்டில் ஸ்பேம் பிரச்சினை தீர்ந்து விடும்" என்ற கருத்தை 2004-ம் ஆண்டு ஜனவரியில் சொன்னவர் மைக்ரோசாப்ட் பில் கேட்ஸ். 20 ஆண்டு தாண்டி விட்டது. குப்பை நின்றபாடு இல்லை.

ஆளுக்கு ஒரு முகவரி!

கிராமத்தில் ஒரு பழக்கம் உண்டு. ரகசியம் எவன் வாயில் இருந்து வெளியே போகிறது என்று தெரியாவிட்டால், 4 பேரிடம் 4 விதமாக சொல்லி வைப்பார்கள். எந்தக் கதை ஊருக்குள் சுற்றுகிறதோ, அவன் மாட்டிக் கொள்வான். இ-மெயிலிலும் இதே வேலைதான்.

ஒவ்வொரு கடைக்கும், ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு முகவரி கொடுக்க வேண்டும். எந்த முகவரிக்கு குப்பை வருகிறதோ, அந்த இடத்தில் இருந்துதான் கசிந்து இருக்கிறது என்று தெரிந்து விடும். பிறகு அந்த ஒரு முகவரியை மட்டும் அடைத்து விட்டால் போதும். அதற்காக 50 கணக்கு தொடங்க வேண்டுமா என்று பயப்பட வேண்டாம். 3 வழிகள் இருக்கின்றன.

* பிளஸ் குறி: ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்கு இது சுலபம். உங்கள் முகவரி 'மலைமுருகன்@ஜிமெயில்.காம்' என்று வைத்துக் கொள்வோம். அறை பதிவு தளத்தில் கொடுக்கும்போது 'மலைமுருகன்+ரூம்@ஜிமெயில்.காம்' என்று கொடுங்கள். வேலைவாய்ப்பு தளத்தில் 'மலைமுருகன்+வேலை@ஜிமெயில்.காம்' என்று கொடுங்கள். எல்லாவற்றையும் வழக்கம் போல ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். பிளஸ் குறிக்குப் பின்னால் நீங்கள் என்ன எழுதினாலும் ஜிமெயில் அதைக் கண்டு கொள்ளாது. மெயில் உங்களுக்கே வந்து சேரும். ஆனால் எந்த முகவரிக்கு வந்தது என்பது மட்டும் அப்படியே பதிவாகி இருக்கும்.

* மறைமுக முகவரி: ஐபோனில் காசு கட்டி ஐகிளவுட் பிளஸ் வைத்திருப்பவர்களுக்கு 2021-ம் ஆண்டு முதல் 'ஹைட் மை இ-மெயில்' வசதி இருக்கிறது. மற்றவர்களுக்கு பயர்பாக்ஸ் ரிலே, டக்டக்கோ போன்ற சேவைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இவை ஒரு பொய் முகவரியை உருவாக்கித் தரும். அதற்கு வரும் மெயிலை உங்கள் நிஜ முகவரிக்கு தள்ளி விடும். வேண்டாம் என்றால் அந்த பொய் முகவரியை நிறுத்தி விடலாம். கடைக்காரருக்கு உங்கள் நிஜ முகவரி கடைசி வரை தெரியாது.

* 10 நிமிட முகவரி: ஒரு தளத்துக்குள் ஒரே ஒரு முறை போய் பார்க்க மட்டும் உதவும் முகவரி இது. 10 நிமிடம், ஒரு மணி நேரம் என்று இருந்து விட்டு தானாக அழிந்து விடும். டீக்கடை பேப்பர் கப் மாதிரி, குடித்து விட்டு தூக்கிப் போட வேண்டியதுதான்.

நாமே சோதித்துப் பார்த்தோம்

இது நிஜமாகவே வேலை செய்கிறதா என்று பார்க்க நாமே களத்தில் இறங்கினோம். ஒரு கடையின் லக்கி டிரா கூப்பன், ஒரு அறை பதிவு தளம், ஒரு வேலைவாய்ப்பு தளம், ஒரு செல்போன் உதிரி பாக கடை என்று 4 இடங்களில் 4 முகவரி கொடுத்தோம்.

கூப்பனில் கையால் எழுத வேண்டி இருந்தது. பிளஸ் குறி போட்டால் ஆங்கில 'டி' எழுத்து மாதிரி தெரிந்து, தட்டச்சு செய்பவர் தப்பாக அடித்து விட வாய்ப்பு உண்டு. அதனால் அங்கே மட்டும் வேறு உத்தி. ஜிமெயில் பெயருக்கு நடுவில் புள்ளி வைத்தாலும் கண்டு கொள்ளாது. எனவே பெயருக்கு இடையில் ஒரு புள்ளி வைத்து எழுதிப் போட்டோம்.

9-வது நாள் முதல் மெயில் வந்தது. விடுமுறை கிளப்பில் உறுப்பினராகச் சொல்லி வந்த மெயில் அது. புள்ளி வைத்த முகவரிக்குத்தான் வந்து இருந்தது. ஒரு மாதத்துக்குள் பர்சனல் லோன், இன்சூரன்ஸ், வீட்டு மனை என்று அதே முகவரிக்கு வரிசை கட்டி விட்டன.

வேலைவாய்ப்பு தளத்துக்கு கொடுத்த முகவரிக்கு 3-வது வாரம் ஒரு மெயில். "வீட்டில் இருந்தே டேட்டா என்ட்ரி வேலை. மாதம் ரூ.25 ஆயிரம். பதிவுக் கட்டணம் ரூ.1,500" என்று இருந்தது. அந்தத் தளத்தின் பெயரில் அது வரவில்லை. வேறு எவனோ அனுப்பியது. இப்படி வரும் மெயிலை நம்பி பணம் கட்டினால் போனது போனதுதான்.

மற்ற 2 இடங்களில் இருந்து அவர்களது சொந்த விளம்பரம் மட்டுமே வந்தது. வேண்டாம் என்று சொன்னதும் நிறுத்தி விட்டார்கள். எல்லோரும் திருடர்கள் இல்லை என்பதும் இதில் தெரிந்தது.

கையும் களவுமாக சிக்கிய கம்பெனிகள்

இந்த உத்தியால் உலக அளவில் பெரிய கசிவுகளே வெளியே வந்து இருக்கின்றன.

அமெரிக்காவில் டி.டி. அமெரிட்ரேடு என்ற பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. அதன் வாடிக்கையாளர்கள் சிலர் அந்த நிறுவனத்துக்கு மட்டும் என்று தனி முகவரி வைத்து இருந்தனர். வேறு யாருக்கும் தெரியாத அந்த முகவரிகளுக்கு "இந்தப் பங்கை வாங்கு" என்று குப்பை மெயில் வரத் தொடங்கியது. புகார் கிளம்பி வழக்கு வரை போனது. கடைசியில் 2007-ம் ஆண்டு செப்டம்பரில், தங்கள் தகவல் தொகுப்புக்குள் வெளியாட்கள் புகுந்து விட்டதாக நிறுவனம் ஒப்புக் கொண்டது. அதில் இருந்தது 60 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்களின் விவரம்!

2012-ம் ஆண்டு ஜூலையில் டிராப்பாக்ஸ் நிறுவனத்திலும் இதே கதை. அந்த சேவைக்கு மட்டுமே கொடுத்த முகவரிகளுக்கு சூதாட்ட விளம்பரம் வருவதாக பலர் குரல் எழுப்பினார்கள். விசாரித்ததில், திருட்டு பாஸ்வேர்டு மூலம் ஊழியர் ஒருவரின் கணக்குக்குள் யாரோ நுழைந்ததும், அதில் வாடிக்கையாளர்களின் முகவரிகள் இருந்ததும் தெரிய வந்தது.

இதில் ஒரு விஷயத்தை கவனிக்க வேண்டும். இரண்டு நிறுவனங்களுமே திருட்டுக்கு ஆளானவை. எனவே உங்கள் '+ரூம்' முகவரிக்கு குப்பை வந்து விட்டது என்பதற்காக, அந்த லாட்ஜ்காரர் விற்று விட்டார் என்று சட்டையைப் பிடிக்கக் கூடாது. கசிந்த இடம் எது என்பது மட்டும்தான் இதில் தெரியும். விற்றார்களா, திருடு போனதா என்பது விசாரித்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது என்ன?

* எந்த முகவரிக்கு வந்தது என்று பாருங்கள்: ஜிமெயிலில் மெயிலைத் திறந்தால், அனுப்பியவர் பெயருக்குக் கீழே 'டு மீ' என்று சிறிய எழுத்தில் இருக்கும். அதைத் தொட்டால் முழு முகவரியும் தெரியும்.

* அடைத்து விடுங்கள்: கசிந்த முகவரிக்கு 'பில்டர்' போட வேண்டும். செல்போன் ஆப்பில் இது முடியாது. பிரவுசிங் சென்டருக்குப் போய் கம்ப்யூட்டரில் 5 நிமிடத்தில் செய்து விடலாம். ஜிமெயிலில் மேலே தேடும் கட்டத்தின் ஓரத்தில் உள்ள குறியை அழுத்தி, 'டு' என்ற இடத்தில் அந்த பிளஸ் முகவரியை எழுதி, 'கிரியேட் பில்டர்' அழுத்தி, 'டெலிட் இட்' தேர்வு செய்ய வேண்டும். அதோடு அந்தக் குழாய் அடைபட்டது. வேலை முடிந்ததும் கணக்கில் இருந்து 'சைன் அவுட்' செய்ய மறந்து விடாதீர்கள்.

* வேலை மெயிலை மேலே கொண்டு வாருங்கள்: இதே பில்டரை நல்லதுக்கும் பயன்படுத்தலாம். '+வேலை' முகவரிக்கு வருவதை எல்லாம் ஸ்பேமுக்கு அனுப்பாதே, நட்சத்திரம் போட்டு வை என்று சொல்லி வைக்கலாம். தினமும் நட்சத்திரம் போட்டதை மட்டும் பார்த்தால் நேர்முகத் தேர்வு தேதி தப்பாது.

* ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள்: ஜிமெயிலில் ஸ்பேம் பெட்டிக்குப் போன மெயில் 30 நாளில் தானாக அழிந்து விடும். நல்ல மெயிலும் சில நேரம் அங்கே போய் விழும். வாரம் ஒரு முறையாவது எட்டிப் பார்ப்பது நல்லது.

* 'அன்சப்ஸ்கிரைப்' உஷார்: தெரிந்த கம்பெனி விளம்பரம் என்றால் ஜிமெயிலே காட்டும் அன்சப்ஸ்கிரைப் பட்டனை அழுத்தலாம். மொத்தமாக மெயில் அனுப்புபவர்கள் இந்த வசதியைத் தர வேண்டும் என்று கூகுளும் யாகூவும் 2024-ம் ஆண்டில் கட்டாயம் ஆக்கி விட்டன. ஆனால் முன்பின் தெரியாதவன் அனுப்பிய மெயிலுக்குள் இருக்கும் லிங்கை தொடவே கூடாது. தொட்டால் "இந்த முகவரியில் ஆள் இருக்கிறான்" என்று அவனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகி விடும்.

இங்கெல்லாம் விளையாட்டு வேண்டாம்

10 நிமிட முகவரியை பேங்க், பி.எப்., ஆதார், பாஸ்போர்ட், டி.என்.பி.எஸ்.சி., கல்லூரி கவுன்சிலிங் போன்றவற்றுக்கு கொடுக்கவே கூடாது. பாஸ்வேர்டு மறந்து விட்டால் புது பாஸ்வேர்டு அந்த முகவரிக்குத்தான் வரும். முகவரியே அழிந்த பிறகு எங்கே போய் தேடுவது? அதோடு இந்த மாதிரி பெட்டிகள் பலவற்றுக்கு பூட்டே கிடையாது. முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து படிக்கலாம்.

இ-பாசுக்கும் இது பொருந்தும். சென்னை ஐகோர்ட்டு உத்தரவுப்படி கொடைக்கானல், ஊட்டிக்கு 2024-ம் ஆண்டு மே மாதம் 7-ந் தேதி முதல் இ-பாஸ் முறை கொண்டு வரப்பட்டது. அப்போது உள்நாட்டுப் பயணிகள் செல்போன் எண் மூலமும், வெளிநாட்டுப் பயணிகள் இ-மெயில் மூலமும் பதிவு செய்ய ஏற்பாடு செய்யப்பட்டது. வெளிநாட்டுப் பயணிகளை ஏற்றி வரும் டிரைவர்கள் இதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். அரசு தளத்துக்கு நிஜ முகவரி, கூப்பன் பெட்டிக்கு பொய் முகவரி. இதை மாற்றிச் செய்தால் மலை அடிவாரத்திலேயே நிற்க வேண்டியதுதான்.

பிளஸ் குறியிலும் ஓட்டை இருக்கிறது. சில தளங்கள் பிளஸ் குறியை ஏற்றுக் கொள்வதே இல்லை. சில கில்லாடிகள் பிளஸ் குறியையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் வெட்டி விட்டு அனுப்புகிறார்கள். அப்போது கசிந்த இடம் தெரியாது. இப்படிப்பட்ட நேரத்தில் மறைமுக முகவரிதான் கை கொடுக்கும்.

தொழில் செய்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு

காட்டேஜ், ஹோம் ஸ்டே நடத்துபவர்கள் விளம்பரத்துக்கு என்று தனி முகவரி வைத்துக் கொள்ளலாம். பேங்க் கணக்கில் இருக்கும் முகவரியை போர்டில் எழுதாதீர்கள்.

புத்தாண்டு வாழ்த்து, சீசன் சலுகை என்று வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மெயில் அனுப்பும்போது 'டு' என்ற இடத்தில் எல்லா முகவரியையும் போடக் கூடாது. 'பி.சி.சி.' என்ற இடத்தில் போட வேண்டும். இல்லாவிட்டால் உங்களை நம்பி வந்தவர்களின் முகவரியை நீங்களே ஊருக்கு விநியோகம் செய்த மாதிரி ஆகி விடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் குப்பை மெயிலுக்கு என்றே 2003-ம் ஆண்டில் தனிச்சட்டம் வந்தது. நம் நாட்டில் அப்படி தனிச்சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்ப சட்டத்தின் 66-ஏ பிரிவில் தொல்லை தரும் மெயில் பற்றியும் இருந்தது. ஆனால் கருத்து சுதந்திரத்தை பறிப்பதாகக் கூறி அந்தப் பிரிவையே 2015-ம் ஆண்டு மார்ச் 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்து விட்டது. செல்போன் விளம்பரத்தை நிறுத்த 1909 எண் இருக்கிறது. அது மெயிலுக்குப் பொருந்தாது.

தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டம் 2023-ம் ஆண்டு நிறைவேறியது. இதற்கான விதிகள் 2025-ம் ஆண்டு நவம்பரில் வெளியாகின. கட்டம் கட்டமாக அமலுக்கு வரும் இந்த சட்டத்தில், தகவலை பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் விதிக்க முடியும். நாம் புகார் சொல்லப் போகும்போது, "உங்களுக்கு மட்டுமே கொடுத்த முகவரிக்கு குப்பை வந்து இருக்கிறது" என்று காட்ட முடிந்தால் பேச்சுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

மெயிலை நம்பி பணத்தை இழந்து விட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்து இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை முடக்கி மீட்க வாய்ப்பு அதிகம்.

டிரைவர் வீட்டில் இப்போது...

நாயுடுபுரம் டிரைவரின் மகன் இப்போது வேலைக்கு என்றே புதிதாக ஒரு முகவரி தொடங்கி இருக்கிறார். பேங்க், கியாஸ் எல்லாவற்றிலும் புது முகவரியை மாற்றிக் கொடுத்து விட்டார். ஒவ்வொரு வேலைவாய்ப்பு தளத்துக்கும் ஒரு பிளஸ் குறி. பழைய முகவரி குப்பைக்கு என்று ஒதுக்கி விடப்பட்டு இருக்கிறது.

"போன வேலை போனதுதான் சார். ஆனா போன வாரம் திண்டுக்கல்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு, வந்த அன்னைக்கே பார்த்துட்டான். போய் பார்த்துட்டு வந்திருக்கான். இனிமே கூப்பன் குடுத்தா நான் பேர் மட்டும்தான் எழுதுவேன்" என்கிறார் அப்பா.

அடுத்த முறை கடையில் கூப்பன் நீட்டினால் நீங்களும் கொஞ்சம் யோசியுங்கள். இலவச டூருக்கு ஆசைப்பட்டு வீட்டு முகவரியை யாருக்கோ கொடுத்து விட்டு, பிள்ளைக்கு வரும் நல்ல சேதியை குப்பைக்குள் தேடும் நிலை யாருக்கும் வரக் கூடாது.